சீனத்து வீடுகளில் நாம் கண்டவை

நமது அடுப்படிக்குள் சீனா எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. தேநீரில் கரைக்கும் சீனி, பலகாரம் பொரிக்கும் சீனச்சட்டி, விருந்தாளிக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பீங்கான் கோப்பை ஆகிய எல்லாமே அந்த நாட்டின் பெயரையோ நினைவையோ சுமந்தவைதாம். தேயிலையில் உள்ள 'தே' என்பது சீனாவின் தென்கிழக்குக் கரையான ஃபூஜியான் மக்களின் பேச்சிலிருந்து புறப்பட்ட சொல். அதே பானத்துக்குச் சீனாவின் ஏனைய பகுதிகளில் 'சா' என்று பெயர். அதுவே பாரசீகத்தில் 'சாய்' ஆகி, அரபு மொழியில் 'ஷாய்' ஆனது. பெரிய தட்டத்துக்கு அரபிகள் சொல்லும் 'ஸீனிய்யா' என்ற சொல்லுக்கும் 'சீனத்தது' என்றே பொருள்.

கல்வியைத் தேடிச் சீனா வரை செல்லுமாறு கூறும் வாசகம் ஒன்று நமது மேடைகளில் நபிமொழியாகச் சொல்லப்படுவதுண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) அவர்கள், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தமது நூலிலேயே அதனைச் சேர்த்திருக்கின்றார்கள். ஆகவே அந்த வாசகத்தைத் துணைக்கு அழைக்காமலே சொல்கின்றேன்: சீனாவில் நாம் பார்த்துப் படிக்க நிறைய உண்டு. அதிலும் குறிப்பாக வீட்டைப் பரிபாலிக்கும் சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டியவை பல.

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வியாபார நிமித்தம் அங்கு போய்வரும் எனது மைத்துனருடன் நானும் எனது மனைவியும் சென்றோம். குவாங்சௌ, சீஆன், காய்ஃபெங் என்னும் மூன்று நகரங்களில் தங்கினோம். சீன மொழி எங்களுக்குத் தெரியாது. ஆனால் சீஆனில் எங்களை உபசரித்த முஸ்லிம் குடும்பத்தின் மகன் அரபு மொழி கற்றவர். அவர் மூலம் பேசினோம், கேட்டோம், அறிந்துகொண்டோம். பெண்கள் பகுதிக்குள் நடந்தவற்றை மனைவி வந்து சொல்லக் கேட்டு எழுதுகின்றேன்.

சுடுநீரும் 'சாப்பிட்டாயிற்றா'வும்

சீனாவில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பது சுடுநீர். தேயிலையும் இல்லை, சீனியும் இல்லை, வெறும் சுடுநீர்தான். புகையிரதப் பெட்டிகளிலும் நிலையங்களிலும் சுடுநீர்க் குழாய் இருக்கின்றது. முதியவர்களும் மாணவர்களும் அலுவலர்களும் கையில் மூடி போட்ட போத்தலுடன் போகின்றார்கள். குளிர்ந்த நீர் வயிற்றுக்கு ஆகாது என்பது அவர்களது பழைய வைத்தியத்தின் கருத்து. கொதித்த நீரில் கிருமி இராது என்பதைக் கடந்த நூற்றாண்டில் சுகாதார இயக்கங்களும் வலியுறுத்தின. இரண்டும் சேர்ந்து ஒரு தேசத்தின் பழக்கமாகிவிட்டது.

ஒருவரை ஒருவர் கண்டால் 'சாப்பிட்டாயிற்றா' என்று கேட்பது அங்கும் வழக்கம். நமது ஊரில் வாசலில் வைத்துக் கேட்கும் அதே கேள்வி! சாப்பாட்டு மேசையில் கறிவகைகள் நடுவில் இருக்கும். ஒவ்வொருவர் முன்னும் ஒரு சிறு கோப்பை. எல்லோரும் நடுப்பாத்திரங்களிலிருந்து குச்சிகளால் எடுத்து உண்பார்கள். மூத்தவர் கை வைக்கும் வரை இளையவர் காத்திருப்பார். விருந்தாளியின் கோப்பையில் நல்ல துண்டை எடுத்து வைப்பது மரியாதை. நாம் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒன்றை மட்டும் செய்யக்கூடாது: சோற்றுக்குள் குச்சிகளை நட்டமாகக் குத்தி வைக்கலாகாது. இறந்தவர்களுக்காக ஊதுபத்தி நடுவதை அது ஒத்திருப்பதால், அதனை அவர்கள் துர்ச்சகுனமாகக் கருதுகின்றனர்.

பழமை இப்படி இருக்க, புதுமையும் கூடவே ஓடுகின்றது. தள்ளுவண்டியில் ரொட்டி விற்பவர் காசைத் தொடுவதில்லை. வண்டியில் ஒட்டிய சதுரக் குறியீட்டின் மேல் கைத்தொலைபேசியைக் காட்டிவிட்டு ரொட்டியை வாங்கிச் செல்கின்றார்கள்.

உறவுக்கு ஒரு பெயர்

நமது மொழியைப் போலவே சீனத்திலும் மூத்தவருக்கும் இளையவருக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நானாவுக்கு 'கெகெ', தம்பிக்கு 'தீதி', ராத்தாவுக்கு 'ஜியெஜியெ', தங்கச்சிக்கு 'மெய்மெய்'. வாப்பாவின் தாய் 'நைநை', உம்மாவின் தாய் 'வைபோ'. யார் எவருக்கு என்ன முறை என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும்.

திருமணமான பெண் தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கணவன், மனைவி இருவரும் தத்தமது பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையை 1950ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் உறுதிசெய்தது. குழந்தைத் திருமணத்தையும், திருமணத்தைச் சாட்டிப் பணம் பறிப்பதையும் அதே சட்டம் தடுத்தது. ஆனால் சட்டம் ஒன்று, வழக்கம் வேறொன்று. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பெருந்தொகை கொடுக்கும் வழக்கம் இன்றும் அங்கு பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகின்றது. நம்மவரிடம் பெண் வீட்டார் கைக்கூலி கொடுத்து நொடிந்து போகின்றார்கள் என்று மனைவி சொன்னபோது, அந்த வீட்டுப் பெண்கள் வியந்து போனார்களாம்.

பிள்ளை பெற்ற தாய்க்கு அவர்கள் 'மாதம் இருத்தல்' என்றொரு ஓய்வு தருகின்றனர். ஒரு மாதத்துக்குக் குளிர்நீரில் கை வைக்கக்கூடாது, காற்றுப் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. முட்டை, கோழி சூப், இஞ்சி, கருஞ்சீனி சேர்த்த கஞ்சி என்று கொடுத்துத் தேற்றுவார்கள். நமது மூத்தம்மாமார் நாற்பது நாள் செய்யும் பக்குவங்கள்தாம் இவை.

ஒரே பிள்ளை

காலையில் பூங்காவுக்குப் போனால் முதியவர்கள் மெதுவாகக் கையசைத்து உடற்பயிற்சி செய்வதைக் காணலாம். மாலையில் அவர்களையே பாடசாலை வாசல்களில் காணலாம். பேரப்பிள்ளையின் புத்தகப் பையைத் தமது தோளில் மாட்டிக்கொண்டு அழைத்துப் போகின்றார்கள். ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டி நால்வர்.

1980ஆம் ஆண்டளவில் தொடங்கி 2015 வரை நடைமுறையில் இருந்த ஒரு பிள்ளைக் கொள்கையின் விளைவு இது. ஆண் பிள்ளை மீதிருந்த ஆசையும் சேர்ந்துகொண்டதால், கருவிலேயே பெண் சிசுக்கள் அழிக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 118 ஆண் குழந்தைகள் பிறந்திருந்தன. அறியாமைக் கால அரபிகள் மண்ணுக்குள் செய்ததை இவர்கள் வைத்தியசாலைக்குள் செய்தார்கள் என்றே சொல்ல வேண்டும். இதன் விலையை இன்று கொடுக்கின்றார்கள். பெண் கிடைக்காத இளைஞர்கள் பெருகினர். 2016இல் இரண்டு பிள்ளைகளுக்கும் 2021இல் மூன்று பிள்ளைகளுக்கும் அரசு அனுமதி கொடுத்தும், 2022ஆம் ஆண்டு அந்நாட்டின் சனத்தொகை குறையத் தொடங்கியது.

இன்னொன்றும் கேளுங்கள். பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்று 2013 ஜூலையில் ஒரு சட்டமே நடைமுறைக்கு வந்தது. பெற்றோரைப் பேணுவதைப் பேரறமாகப் போற்றிய கன்பூசியஸ் பிறந்த மண் அது. அங்கே உம்மா வாப்பாவைப் பார்க்கப் போவதற்குச் சட்டம் தேவைப்படுகின்றது என்றால், பிழைப்புத் தேடித் தூர நகரங்களுக்குப் போகும் வாழ்க்கை மனிதரை எவ்வளவு பிரித்துவிட்டது என்பதை விளங்கிக்கொள்ளலாம்.

தூய்மையும் உண்மையும்

இப்பேர்ப்பட்ட சமுதாயத்தின் நடுவேதான் ஒரு கோடிக்கும் அதிகமான ஹுயி முஸ்லிம்கள் வாழ்கின்றார்கள். வணிகராகவும் போர்வீரராகவும் வந்த அரபிகள், பாரசீகர், மத்திய ஆசியர் சீனப் பெண்களை மணந்து உருவான சமூகம் இது. பேச்சு சீனம், முகம் சீனம், உடை சீனம். வேறுபாடு எங்கே என்றால் சமையலறையில்தான்.

சீன மொழியில் வெறுமனே 'இறைச்சி' என்று சொன்னால் பன்றி இறைச்சி என்றே பொருள். எண்ணெய், சூப், பலகாரம் எதிலும் அது கலந்திருக்கலாம். அந்த ஊரில் ஒரு முஸ்லிம் பெண் தன் குடும்பத்துக்கு மூன்று வேளை சமைத்துப் போடுவது சாமானிய காரியமல்ல. பக்கத்து வீட்டாரிடம் பாத்திரம் இரவல் வாங்குவதற்குக்கூட யோசிக்க வேண்டும். எனவேதான் ஹலாலைக் குறிக்க அவர்கள் அழகான ஒரு சொல்லை எடுத்தார்கள்: 'சிங்ஜென்'. 'தூய்மையும் உண்மையும்' என்பது அதன் பொருள். கடைப் பலகையிலும் அதே சொல், பள்ளிவாசலுக்கும் அதே சொல். 'தூய உண்மை இல்லம்' என்றால் அங்கே பள்ளிவாசல். தொழும் இடத்தையும் சமைக்கும் இடத்தையும் ஒரே சொல்லால் அழைத்த சமுதாயம் அது.

சீஆனில் அவர்கள் எங்களுக்குத் தந்த விருந்தை மறக்க முடியாது. கெட்டியான ரொட்டி ஒன்றையும் வெற்றுக் கோப்பையையும் முன்னே வைத்தார்கள். அவரவர் ரொட்டியை அவரவர் கையாலேயே பயறளவு துண்டுகளாகப் பிய்த்துக் கோப்பையை நிரப்ப வேண்டும். அதற்கு அரை மணி நேரமாகும். அதுவரை பேச்சும் சிரிப்புமாகக் குடும்பமே கூடி இருக்கும். பின்னர் அதன் மேல் ஆட்டிறைச்சி சூப்பை ஊற்றிச் சமைத்துத் தருகின்றார்கள். பசியை அடக்கிப் பேச வைக்கும் நல்ல உணவு!

பெருநாளிலும், மௌத்தானவர்களுக்காக ஓதும் நாளிலும் 'யூசியாங்' என்னும் பொரித்த ரொட்டி செய்வார்கள். பெண்கள் குளித்துச் சுத்தமாகி, பிஸ்மி சொல்லி, அதனைப் பொரித்து உறவினருக்கும் அயலவருக்கும் பங்கிடுகின்றார்கள்.

குவிமாடம் இல்லாத பள்ளிவாசல்

சீஆன், பழைய காலத்தில் சாங்ஆன் என்ற பெயருடன் தாங் பேரரசின் தலைநகராக இருந்தது. பட்டுப் பாதையின் கிழக்கு முனை அது. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 742ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது என்பது மரபு. இன்று காணும் கட்டடங்களின் அடிப்படை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிங் ஆட்சியில் அமைந்தது.

உள்ளே நுழைந்தால் குவிமாடம் இல்லை, உயர்ந்த மினாராவும் இல்லை. வளைந்த ஓட்டுக் கூரைகள், மரத்தூண்கள், ஒன்றை அடுத்து ஒன்றாக முற்றங்கள், செடிகள், கல் வாயில்கள். மினாராவுக்குரிய இடத்தில் அடுக்குக் கூரையுடன் ஒரு மண்டபம். சீனக் கோயில்கள் பொதுவாகத் தெற்கு நோக்கி அமையும். இதுவோ கஃபாவின் திசையான மேற்கு நோக்கி நீண்டு செல்கின்றது. உள்ளே மரப்பலகைகளில் இறைவசனங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தொழுகைக்கு நின்றபோது ஓதல் நமது ஓதல், ஸஃப்பு நமது ஸஃப்பு. மார்க்கத்தை விடாமலேயே ஒரு நாட்டின் தச்சரையும் கொத்தரையும் ஓவியரையும் தனதாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெண் அஹோங்

ஆலிமை அங்கு 'அஹோங்' என்கின்றார்கள். பாரசீகத்தின் 'ஆகூந்த்' என்ற சொல் சீன நாவில் அப்படி மருவியது. ஆண் அஹோங் போலவே பெண் அஹோங்கும் உண்டு.

16ஆம் நூற்றாண்டில் ஷான்சி பகுதியைச் சேர்ந்த ஹூ தெங்சௌ (1522–1597) என்ற பெரியார், மார்க்க அறிவு மங்கி வருவதைக் கண்டு தமது வீட்டிலேயே மாணவர்களைச் சேர்த்து ஓதிக் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து பள்ளிவாசல் தோறும் ஓதல் திண்ணைகள் எழுந்தன. அடுத்த நூற்றாண்டுகளில், பெண்கள் கற்காவிட்டால் பிள்ளைகள் மார்க்கத்தை இழந்துவிடுவார்கள் என்று உணர்ந்த ஹெனான் போன்ற பகுதிகளின் முஸ்லிம்கள் பெண்களுக்கெனத் தனி ஓதற் பள்ளிகளை நிறுவினர். அவையே காலப்போக்கில் பெண்கள் பள்ளிவாசல்களாயின. காய்ஃபெங் நகரின் வாங்ஜியா சந்தில் உள்ள பெண்கள் பள்ளிவாசல் 1820ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

சீஆனிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் அதிவேகப் புகையிரதத்தில் பயணம் செய்து காய்ஃபெங் சென்றோம். பெண்கள் பள்ளிவாசல் ஒன்றினுள் மனைவி போய் வந்தார். சிறிய முற்றம், ஓட்டு வீடு போன்ற தொழுகை அறை, வுழூச் செய்யவும் குளிக்கவும் சுடுநீர் வசதி. வயதான பெண்மணிகள் கூடி அமர்ந்து, தலைக்கு வெள்ளைத் துணி இட்டு, பெண் அஹோங் சொல்லச் சொல்ல ஓதினார்களாம். தொழுகை நடத்தும்போது பெண் அஹோங் முன்னால் தனித்து நிற்பதில்லை. முதல் ஸஃப்பின் நடுவிலேயே நிற்கின்றார். நமது ஷாஃபிஈ மத்ஹபிலும் பெண்களுக்குப் பெண் இமாமத் செய்யும் முறை இதுதான்.

ஓதிக் கொடுப்பது, பெண்களின் சட்டங்களை விளக்குவது, வீட்டுப் பிணக்குகளில் ஆறுதல் சொல்வது, பெண் மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிடுவது எல்லாம் அவரது பொறுப்பு. பழைய பாடங்கள் பாரசீகத்தில் இருந்தன. அரபு எழுத்தில் சீன மொழியை எழுதும் 'சியாவ்அர்ஜிங்' என்ற முறையும் அவர்களிடம் உண்டு. நமது அரபுத் தமிழை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்து குர்ஆனுடையது, மொழி தாயுடையது.

இந்தக் கல்வி எதற்குப் பயன்பட்டது என்பதை அந்தச் சீஆன் வீட்டு மூதாட்டி சொன்னார். 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. கிதாபுகள் எரிக்கப்பட்டன. அஹோங்மார் தெருவில் இழிவுபடுத்தப்பட்டனர். "அப்போது பள்ளி எங்கள் அடுப்படியில் இருந்தது. மா பிசையும்போது உம்மா ஸூறாக்களைச் சொல்லித் தருவார். வெளியில் கேட்காத குரலில் நாங்களும் சொல்வோம்" என்றார். மகன் அதனை அரபியில் மொழிபெயர்த்துச் சொல்லும்போது அவருடைய குரலும் தாழ்ந்துவிட்டது.

அதன் பின்னர்

நாங்கள் வந்து சேர்ந்த சில மாதங்களில் நிலைமை மீண்டும் இறுகியது. 2018 பெப்ரவரியில் மத விவகாரங்களுக்கான புதிய ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. கன்சு மாகாணத்தின் லின்சியாவில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மார்க்கம் கற்பது தடுக்கப்பட்டதாக அவ்வாண்டு செய்தி வந்தது. 2018 ஓகஸ்டில் நிங்சியாவின் வெய்சௌ பெரிய பள்ளிவாசலை இடிக்க உத்தரவு வந்தபோது மக்கள் திரண்டு நின்றனர். கட்டடம் தப்பியது, ஆனால் அதன் குவிமாடங்கள் பின்னர் அகற்றப்பட்டன. 2019இல் பெய்ஜிங்கின் ஹலால் உணவகங்கள் பலகைகளிலிருந்து அரபு எழுத்தை நீக்கப் பணிக்கப்பட்டன. ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் பெருந்தொகையாகத் தடுத்து வைக்கப்பட்டதை, மானிடத்துக்கு எதிரான குற்றமாக அமையக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2022 ஓகஸ்ட் 31ஆம் திகதி அறிக்கையிட்டது. சீன அரசு இதனை மறுக்கின்றது. அவை தொழிற்பயிற்சி நிலையங்கள் என்றே அது கூறிவந்துள்ளது.

சீஆன் குடும்பத்தார் இப்போதும் எங்களுக்குச் செய்தி அனுப்புகின்றனர். மார்க்க விடயம் எதையும் எழுதுவதில்லை. பெருநாளில் பொரித்த ரொட்டியின் படம் ஒன்று வரும். அவ்வளவுதான். எங்களுக்கு அது போதும்.

சகோதரிகளே!

அந்நாட்டுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தலைவர் ஜெங் ஹெ, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட கல்வெட்டு ஒன்றை நமது தீவில் நாட்டினார். சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்த அக்கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஒரே கல்லில் மூன்று மொழிகள், மூன்று சமயத்தாருக்கான வாசகங்கள்.

ஆனால் கல்லில் எழுதியதைவிட உறுதியானது ஒன்று உண்டு. தாய் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததே அது. பள்ளிவாசல் மூடப்பட்டாலும், மத்ரஸா இல்லாமற் போனாலும், கிதாபு எரிந்தாலும் சீன முஸ்லிம்களிடம் மிஞ்சியது தாய்மாரின் நெஞ்சில் இருந்த மார்க்கம். அந்தத் தாய்மார் முன்னமே கற்றிருந்ததால்தான் அது மிஞ்சியது. கற்காத தாய் எதைக் கொடுப்பாள்?

அல்ஹம்துலில்லாஹ், நமது ஊர்களில் பள்ளிவாசல் திறந்திருக்கின்றது. மத்ரஸா இருக்கின்றது. அதனாலேயே பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கும் வேலை முழுவதையும் லெப்பையிடமும் மௌலவியிடமும் விட்டுவிட்டோம். வாரத்தில் ஓரிரு நாள் அடுப்படியிலேயே பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு ஸூறாவையோ ஒரு துஆவையோ பொருளுடன் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாததை ஊரிலுள்ள ஆலிமாக்களிடம் கேட்டுப் படியுங்கள். வீட்டில் அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தம்மா இருந்தால், அவர் கண் மங்குமுன் பேரப்பிள்ளைக்கு அந்த எழுத்தைக் கற்றுக் கொடுக்கச் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் அங்குள்ள நம் சகோதரிகளின் வீடுகளையும் இங்குள்ள நமது வீடுகளையும் தன் பாதுகாப்பில் வைப்பானாக.